இடமலைக்குடி: முதுவர் மலைச்சிற்றூர் ஒன்றின் வரலாறும் வழக்காறும்

முன்னுரை

ஊர் வரலாறு எழுதுவோர்க்குப் பெரும்பாலும் கல்வெட்டும் செப்பேடும் கோயிலும் சான்றுகளாக அமைகின்றன. இவை எவையும் இல்லாத ஊர்களின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்னும் வினாவிற்கு இன்னும் முழுமையான விடை கிடைத்துவிடவில்லை. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், அடர்ந்த காட்டிற்குள் அமைந்திருக்கும் இடமலைக்குடி அத்தகையதோர் ஊராகும். முதுவர் என்னும் பழங்குடியினர் வாழும் இவ்வூர், 2010ஆம் ஆண்டு கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவாக்கப்பட்டது. இம்மக்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தனர் என்று கூறிக்கொள்கின்றனர். அவர்கள் பேசும் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. எனினும் அவர்கள் வாழும் நிலம் தமிழகத்தின் எல்லைக்கு அப்பால் இருப்பதால் தமிழாய்வுலகின் கவனம் அவர்கள்மீது போதிய அளவில் விழவில்லை. இவ்வூரைப் பற்றி வெளியார் எழுதிய ஆவணங்களையும் ஊரார் தம்மைப் பற்றிக் கூறும் வழக்காறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கி, அவ்வழக்காறுகளுக்கு வரலாற்றில் உரிய இடம் எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் ஊர்ப்பெயரும்

மூணாற்றிலிருந்து இராசமலை வழியாகத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சென்றால் பெட்டிமுடி வருகிறது. தோட்டம் அங்கே முடிந்து காடு தொடங்குகிறது. பெட்டிமுடியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் காட்டுவழியே நடந்துதான் இடமலைக்குடியை அடைய வேண்டும் என்னும் நிலை அண்மைக்காலம் வரை நிலவியது. ஈப்புகள் செல்லத்தக்க வழி பின்னர் அமைந்தபோதும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் உறுதியான வழியாக இருப்பதில்லை. யானைகளின் நடமாட்டம் மிகுந்த காடு ஆதலால் பொழுது சாய்ந்தபின் பயணம் மேற்கொள்வது அரிது.

நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடப்பதே இவ்வூரின் அமைப்பு. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இக்குடியிருப்புகளில் வாழும் மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கு உட்பட்டவர்களே. ஆகவே இடமலைக்குடி என்பது ஓரிடத்தில் வீடுகள் கூடி அமைந்த ஊரன்று; பல குடிகளுக்கு இடப்பட்ட பொதுப்பெயரே என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

இப்பெயரை இடை + மலை + குடி எனப் பிரித்து, மலைகளுக்கு இடைப்பட்ட குடி எனப் பொருள் கொள்ளலாம். அருகே பாய்ந்து பெரியாற்றில் கலக்கும் இடமலையாற்றின் பெயரிலும் இதே சொல்லாட்சி காணப்படுகிறது. தமிழில் ‘இடை’ என வழங்குவது மலையாளத்தில் ‘இட’ எனத் திரிவது இயல்பே ஆதலால் இவ்விளக்கம் மொழியியலுக்கும் நில அமைப்பிற்கும் ஒத்துச் செல்கிறது.

‘குடி’ என்னும் சொல் கூடுதல் கவனத்திற்குரியது. சங்க இலக்கியத்தில் இச்சொல் குடும்பம், குலம், குடியிருப்பு ஆகிய பொருள்களில் பயின்று வருகிறது. ஊர் என்பது இடத்தைச் சுட்ட, குடி என்பது முதலில் மக்களைச் சுட்டிப் பின்னரே அவர்கள் வாழும் இடத்திற்கு ஆகி வந்தது எனலாம். முதுவர் வாழ்வில் இவ்வேறுபாடு நடைமுறையில் பொருந்துகிறது. அவர்கள் காட்டை எரித்துப் புனம் திருத்திக் கேழ்வரகு முதலியன விதைத்து, மண்ணின் வளம் குன்றியதும் வேறிடம் நாடும் வேளாண்மையை மேற்கொண்டிருந்தவர்கள். இடம் மாறினும் குடி மாறுவதில்லை. காடுகள் அரசின் ஒதுக்குக் காடுகளாக ஆக்கப்பட்டு இடப்பெயர்ச்சி தடைப்பட்ட பின்னரே குடி என்பது நிலைத்த இடப்பெயராக இறுகியது.

குடியிருப்புப் பெயர்கள் இம்மாற்றத்தின் படிநிலைகளைக் காட்டுகின்றன. ஆண்டவன்குடி, நூறடிக்குடி, இருப்புக்கல்லுக்குடி, பரப்பயாறுகுடி போன்றவை நிலத்தையும் நம்பிக்கையையும் ஒட்டி எழுந்த பெயர்களாகத் தோன்றுகின்றன. இட்டலிப்பாறைக்குடி என்பதில் சமவெளி உணவின் பெயர் மலைப்பாறைக்கு ஏறியிருக்கிறது. சொசைட்டிக்குடி, ஷெட்டுக்குடி ஆகிய பெயர்களோ கூட்டுறவுச் சங்கமும் அரசுக் கட்டடமும் வந்த பிற்காலத்தின் அடையாளங்கள். சொசைட்டிக்குடியே இன்று ஊரின் நடுவிடமாக விளங்குவது, ஊரின் மையத்தை வணிகமும் நிருவாகமும் தீர்மானித்தமைக்குச் சான்றாகும். எழுத்தாவணம் இல்லாத ஊரில் இடப்பெயர்களே காலவரிசையைத் தரும் சான்றுகளாக அமைவதை இங்குக் காண முடிகிறது.

மதுரையிலிருந்து வந்த கதை

முதுவர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் எனக் கூறுகின்றனர். எட்கர் தர்ஸ்டன், கா. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலிலேயே இவ்வழக்காறு இடம்பெற்றுள்ளது. பின்னர் எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் முதுவர் வாழ்வு விரிவாக எழுதப்பட்டது. இவ்வழக்காறு ஒரே வடிவில் வழங்கவில்லை. அதன் வேறுபட்ட வடிவங்களை மூன்றாக வகைப்படுத்தலாம்.

முதல் வடிவம் கண்ணகியோடு தொடர்புடையது. மதுரை எரியுண்டபோது நகரை நீங்கியவர்கள் தங்கள் வழியினர் என்பது அதன் சாரம். இரண்டாவது வடிவம் பாண்டியரோடு தொடர்புடையது. பாண்டிய அரசமரபினர் மதுரையை இழந்து மேற்கு நோக்கிப் பூஞ்சாற்றிற்குச் சென்றபோது உடன்சென்ற ஏவலர் மரபே முதுவர் என்று அது கூறுகிறது. மூன்றாவது வடிவம் தெலுங்கு நாயக்கர் போடிநாயக்கனூர்ப் பகுதியைக் கைக்கொண்டபோது மலையேறியவர்கள் என்கிறது. மதுரை மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து நேரியமங்கலம் வரை கொண்டு வந்தனர் என்னும் செய்தியும் இவற்றோடு இணைந்து வழங்குகிறது. முதுகில் சுமந்ததால் முதுவர் ஆயினர் என்பது அவர்கள் தரும் பெயர்க்காரணம். தாய்மார் இன்றும் குழந்தைகளைத் துணியால் முதுகில் கட்டிச் சுமக்கும் வழக்கம் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இப்பெயர்க்காரணத்தை இலக்கண நோக்கில் ஆராயலாம். ‘முதுகு’ என்னும் சொல்லிலிருந்து ‘முதுகர்’ என்னும் வடிவமே நேரே பிறக்கும். ‘முது’ என்னும் அடியோடு அர் விகுதி சேரும்போது வகர உடம்படுமெய் பெற்று ‘முதுவர்’ என வரும். மூத்தோர் என்னும் பொருளில் தமிழில் இச்சொல் வழங்குவதும் அறிந்ததே. ஆகவே பழமையானவர், மூத்த குடியினர் என்னும் பொருளே பொருத்தம் எனத் தோன்றலாம். ஆயினும் அரசின் பழங்குடிப் பட்டியலில் முதுவான் என்பதோடு முதுகர் என்னும் வடிவமும் இடம்பெறுவதால் இலக்கணம் மட்டும் கொண்டு இவ்வினாவை முடித்துவிட இயலாது. முதுகு என்னும் விளக்கம் சொற்பிறப்பாகப் பிழைபட்டதாகவே இருப்பினும், தாங்கள் எதையோ சுமந்து வந்தவர்கள் என்று ஒரு மக்கள் தம்மைப் பற்றிக் கருதுவது பொருளுடையதே.

மூன்று வடிவங்களுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் இவற்றை முரண்பட்ட கதைகள் என ஒதுக்குவது எளிது. ஆயின் மூன்றிலும் மாறாத கூறுகள் சில உள்ளன. மதுரையில் ஆட்சி குலைகிறது; மக்கள் மேற்கே மலைநோக்கிச் செல்கின்றனர்; தெய்வத்தையோ அரசமரபையோ உடன்கொண்டு செல்கின்றனர். காலம் மாறினும் திசை மாறவில்லை. வைகைச் சமவெளியிலிருந்து போடி மலைவழியாக மேற்கே ஏறும் பாதை பன்னெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்து வந்ததாகும். அப்பாதையில், தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி என்னும் ஊர் இன்றும் உள்ளது. ஆகவே இவ்வழக்காறு ஒரு குறிப்பிட்ட நாளில் நிகழ்ந்த ஒரே குடிபெயர்ச்சியின் நினைவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே வழியில் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்த பல குடிபெயர்ச்சிகளின் தொகுப்பு நினைவாக அதனைக் கொள்வதே பொருத்தமுடையது.

சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட்டு நோக்கும்போது மற்றொரு கருத்தும் புலப்படுகிறது. மதுரையை நீங்கிய கண்ணகி மேற்கே நடந்து மலையேறி வேங்கை மர நிழலில் நின்றதையும், வானேறியதையும் கண்டவர்கள் குன்றக் குறவரே. வஞ்சிக்காண்டத்தின் குன்றக்குரவையும் காட்சிக்காதையும் இதனைக் கூறுகின்றன. அம்மலைவாணர் தாம் கண்டதைச் சேரன் செங்குட்டுவனிடம் தெரிவிக்கின்றனர். காப்பியத்தில் அவர்கள் ஏற்கெனவே மலையில் இருப்பவர்கள். நகரத்தின் துயரை மலையில் நின்று காண்பவர்கள். முதுவர் வழக்காற்றிலோ அவர்களே நகரத்திலிருந்து நடந்து வந்தவர்கள். காப்பியம் மலைவாணரைச் சான்று கூறுவோராக நிறுத்துகிறது. வழக்காறு அவர்களைக் கதையின் மாந்தராக ஆக்குகிறது. சமவெளியினர் தம்மைக் காட்டுமாந்தர் எனக் கருதும் சூழலில், யாமும் ஒருகாலத்தில் மாநகரில் வாழ்ந்தவரே என்னும் உரிமைக்கூற்றாகவும் இக்கதை அமைகிறது. முதுவர்க்கு அது ஓர் உரிமைப் பட்டயம் போன்றது எனின் மிகையாகாது.

பூஞ்சாற்று ஒப்பந்தமும் மலையின் உடைமையும்

மேற்கண்ட பட்டயம் நாவில் வழங்கியது. மலைநிலத்தின் உடைமையைத் தீர்மானித்ததோ தாளில் எழுதப்பட்ட மற்றொன்று. 1877ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், பூஞ்சாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் மலைப்பகுதியை எழுதிக் கொடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட சதுர மைல் பரப்புடைய அந்நிலம் பின்னர் தோட்டக் குழுமங்களின் கைக்கு மாறியது. 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண்மைச் சங்கமும், 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் குழுமமும் தோன்றின. 1899இல் திருவிதாங்கூர் அரசு பூஞ்சாற்றின் உரிமைகளைத் தானே ஏற்றுக்கொண்டது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது.

இவ்வரிசையில் முதுவர்க்கு உரிய இடம் யாது என நோக்குவது இன்றியமையாதது. மலைக்குப் பெயரளித்த கண்ணன் தேவன் முதுவர் தலைவர் என்று ஒரு வழக்காறு கூறுகிறது. கண்ணன், தேவன் என இருவர் என்றும், அஞ்சுநாட்டுத் தலைவர் என்றும் பிற வடிவங்கள் கூறுகின்றன. எதுவாயினும் மலைமகன் ஒருவனின் பெயர் உலகெங்கும் தேயிலைப் பொதிகளில் பரவியது; அவன் மக்கள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. எந்தப் பாண்டிய மரபின் வழிவந்தவர் எனப் பூஞ்சாற்றினர் கருதப்பட்டனரோ, எந்த மரபோடு உடன்வந்தவர் என முதுவர் தம்மைக் கூறிக்கொண்டனரோ, அம்மரபின் கையெழுத்தாலேயே மலை கைமாறியது என்பது வரலாற்றின் முரணாகும்.

தேயிலை ஏறாத மேற்குச் சரிவுக் காடுகளில் முதுவர் குடிகள் நிலைத்தன. இடமலைக்குடி அவற்றுள் ஒன்றாகும். தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்தின் சமவெளியிலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டனர். ஆகவே ஒரே மலைத்தொடரில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோர் இருவகையினர் அருகருகே வாழும் நிலை ஏற்பட்டது. முன்னவர் வழக்காற்றின் வழி வந்தவர்; பின்னவர் தோட்டக் கங்காணியின் வழி வந்தவர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடித் தொழிலாளர் குடியிருப்பு மண்சரிவில் புதையுண்டு, காணாமற்போனோர் உட்பட 70 பேர் உயிரிழந்தனர். இடமலைக்குடியின் வாயிலாகிய அவ்விடம், இருவகையினரின் வாழ்வும் ஒரே மலையின் நிலையாமைக்கு உட்பட்டது என்பதை உணர்த்தியது.

குடியமைப்பும் சொல்வழக்கும்

ஒவ்வொரு குடிக்கும் தலைவர் உண்டு. இடமலைக்குடியில் அவர் ‘காணி’ எனப்படுகிறார். தமிழகக் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் நில உரிமையைக் குறித்து நிற்பதும், காணியாட்சி என்னும் தொடர் அதன்வழி அமைந்ததும் ஆய்வாளர் அறிந்தவை. நிலம் தனியுடைமையாக இல்லாத மலைச்சமூகத்தில் அச்சொல் உரிமையை விட்டு ஆளைச் சுட்டுகிறது. காக்கும் பொறுப்புடையவரே காணி ஆகிறார். தென்கோடியில் அகத்தியமலைப் பகுதியில் வாழும் பழங்குடியினர்க்கும் காணி என்னும் பெயர் வழங்குவது ஒப்புநோக்கத்தக்கது.

முதுவர் ‘கூட்டம்’ எனப்படும் குலப்பிரிவுகளை உடையவர்கள். ஒரே கூட்டத்தார் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. பிள்ளைகள் தாயின் கூட்டத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுகின்றனர். மணமாகாத இளைஞர் இரவில் தங்கும் பொதுவிடம் ‘இளந்தாரி மடம்’ என்றும், கன்னியர் தங்கும் இடம் ‘குமரிமடம்’ என்றும் வழங்கும். சாவடி, சத்திரம் என்னும் பெயர்களும் இளைஞர் தங்குமிடத்திற்கு உண்டு. குடிக்கு வரும் விருந்தினரும் அங்கேயே தங்குவர். மூத்தோரிடமிருந்து காட்டறிவும் பாட்டும் நடத்தை முறையும் இளையோர்க்குச் சென்று சேர்ந்த கல்விக்கூடங்களாக இவை விளங்கின. ஆண்பிள்ளை பருவமெய்தியமையை அறிவிக்கத் தலைப்பாகை கட்டும் சடங்கு நிகழ்த்தப்படுகிறது. தைப்பொங்கல் இவர்களது முதன்மையான விழாவாகும்.

மடம், சாவடி, சத்திரம் ஆகியவை கோயில் நகரங்களிலும் பெருவழிகளிலும் உருவான நிறுவனங்களின் பெயர்கள். காட்டிற்குள் ஓலைவேய்ந்த கூரையொன்றுக்கு இப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்னும் வினா எழுவது இயற்கை. குடிபெயர்ந்தோர் தம்முடன் கொண்டுவந்த சொற்கள் என இவற்றைக் கருதினால் மதுரை வழக்காற்றிற்கு அவை துணைச்சான்றாகும். ஆயினும் ஏலமும் தேனும் விற்கச் சமவெளிச் சந்தைகளுக்குச் சென்றுவந்த தொடர்பாலும் சொற்கள் வந்திருக்க இயலும். சொல்லின் வருகை மக்களின் வருகையை உறுதிப்படுத்தாது என்பதை ஆய்வாளர் மறத்தல் கூடாது. ஆனால் சமவெளியில் வழிப்போக்கர்க்கும் துறவியர்க்கும் உரியதாக இருந்த சொல், இங்கு இளையோரின் கல்விக்கூடத்திற்குப் பெயராகியிருக்கும் பொருள்மாற்றம் முதுவருக்கே உரியது.

மகளிர் மாதவிலக்குக் காலத்தில் தங்கும் குடிலாகிய ‘வாலாப்புரை’ மொழியாய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு சொல்லாகும். ‘வால்’ என்பது தூய்மையைக் குறிக்கும் பழந்தமிழ் அடி. திருவள்ளுவர் கடவுளைக் குறிக்க ஆண்ட வாலறிவன் என்னும் சொல்லில் அதனைக் காணலாம். அதன் எதிர்மறையாகிய ‘வாலாமை’ தீட்டையும் மகளிர் விலக்கையும் குறிப்பதாக அகராதிகள் பொருள் தருகின்றன. ‘புரை’ என்பது வீடு. சமவெளித் தமிழில் பெரிதும் வழக்கொழிந்த ஒரு சொல் மலையில் நாள்தோறும் புழங்கும் சொல்லாக இருப்பதை இதனால் அறிகிறோம்.

எனினும் சொல்லின் பழமையைப் போற்றுவது அது குறிக்கும் வழக்கத்தைப் போற்றுவதாகிவிடக் கூடாது. குளிரிலும் மழையிலும் அக்குடிலில் தங்க நேர்வதைத் தவிர்க்கக் குடிப்பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டு விலக்கைத் தள்ளிப்போட்டனர் என்னும் செய்தி 2010களில் வெளிவந்து கவலையை ஏற்படுத்தியது. மரபு தன்மேல் சுமத்திய விதியை வெளியே எதிர்க்க இயலாத பெண், அதனை உடலின் வழியே எதிர்கொண்ட நிலை இது. பழங்குடி வாழ்வைத் தூய மரபின் காட்சிக்கூடமாக மட்டும் காணும் ஆய்வுநோக்கு இத்தகைய செய்திகளைக் காணத் தவறிவிடும்.

மொழியும் பள்ளியும்

முதுவர் பேச்சு திராவிட மொழிக்குடும்பத்தின் தமிழ் - மலையாளக் கிளையைச் சார்ந்தது. தமிழ்ச்சார்பு மிக்க பாண்டி முதுவர் பேச்சு, மலையாளச்சார்பு மிக்க நாட்டு முதுவர் பேச்சு என அதனுள் இரு போக்குகள் சுட்டப்படுகின்றன. தமிழும் மலையாளமும் தனித்தனி மொழிகளாகப் பிரிந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு, இரண்டிற்கும் இடையே எழுத்துவழக்கின் கட்டுப்பாடின்றி வாழ்ந்துவரும் இத்தகைய பேச்சுகள் அரிய தரவுகளாகும்.

இப்பேச்சின் பிற்கால நிலையை மாநில எல்லை தீர்மானித்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுவாக எழுந்தது. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1956இல் அவ்வட்டங்கள் கேரளத்தோடு அமைந்தன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. அக்கோரிக்கையில் இருதரப்பும் எண்ணிக்கையிட்டவை பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரையும் குடியேறிய உழவரையும் பற்றியவை. எந்த மொழியின் கணக்கிலும் முழுமையாக அடங்காத முதுவர் பேச்சைப் பற்றி எவரும் வினவவில்லை.

பள்ளி வந்தபோது பாடமொழி மலையாளமாக அமைந்தது. வீட்டில் ஒரு பேச்சும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்ட பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே பின்தங்கினர். ஓராசிரியர் மையங்களில் பணியாற்றிய ஆசிரியர் சிலர் குடியிலேயே தங்கி, முதுவர் பேச்சைக் கற்று, அதன்வழியே பாடம் நடத்தினர். அண்மை ஆண்டுகளில் கேரள அரசின் ஒருங்கிணைந்த கல்வித்திட்டம், இடமலைக்குடிப் பிள்ளைகளுக்கு அவர்களது பேச்சின் துணையோடு மலையாளம் கற்பிக்கும் திட்டமொன்றைப் ‘படிப்புறுசி’ என்னும் பெயரில் தொடங்கியது. படிப்பின் சுவை என்னும் பொருள்படும் அப்பெயரே முதுவர் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு மொழிக்குச் செல்லும் படியாக மட்டுமன்றி, தன்னளவில் பதிவு பெறத்தக்கதாகவும் இப்பேச்சு கருதப்பட வேண்டும் என்பதே இங்குச் சேர்க்கத்தக்கது.

ஊராட்சி

மூணாறு ஊராட்சியின் ஒரு பகுதியாக இருந்த இடமலைக்குடி 2010இல் பிரிக்கப்பட்டு, 13 வார்டுகள் கொண்ட தனி ஊராட்சியாயிற்று. வரலாற்றில் முதன்முறையாக முதுவர் தம் ஊரின் நிருவாகத்தைத் தேர்தல்வழி பெற்றனர். ஆயினும் தன்னாட்சி பெற்ற ஊரின் அலுவலகம் ஊரில் இருக்கவில்லை. கட்டடமும் தொலைத்தொடர்பும் வழியும் இன்மையால் பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே அது இயங்கியது. சான்றிதழ் ஒன்றைப் பெற ஊரார் தம் ஊரைவிட்டே செல்ல வேண்டியிருந்தது. நோயாளரைத் துணியும் கம்பும் கொண்டு கட்டிய மஞ்சலில் கிடத்தி, மலைவழியே மாற்றி மாற்றித் தோள்கொடுத்துச் சுமந்து செல்வது வழக்கமாயிற்று. முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று தொன்மம் கூறிய மக்கள், தோளிலும் சுமக்க வேண்டியவராயினர். குடும்ப நலவாழ்வு மையம் சொசைட்டிக்குடியில் திறக்கப்பட்டது 2023இல்தான்.

புதிய ஊராட்சி வந்ததனால் பழைய குடியமைப்பு மறைந்துவிடவில்லை என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020இல் தொற்றுப் பரவியபோது, காணிகளும் ஊராட்சியும் கூடி வெளியார் வருகைக்குத் தடை விதித்தனர். பொருள் வாங்கக் குறிப்பிட்ட ஒருசிலரே வெளியே சென்றனர், திரும்பியோர் தனித்திருந்தனர். மாநிலமெங்கும் தொற்று மிகுந்திருந்த ஓராண்டிற்கும் மேலான காலத்தில் இடமலைக்குடியில் ஒருவருக்கும் நோய் காணப்படவில்லை. முதல் தொற்று 2021 சூலையில்தான் கண்டறியப்பட்டது. ஊரின் குறையாகக் கருதப்பட்ட தொலைவு அவ்வேளையில் அரணாயிற்று. ஆனால் தொலைவு மட்டும் அதனைச் செய்யவில்லை. கூடி முடிவெடுத்து அம்முடிவுக்குக் கட்டுப்படும் குடிநெறியே செய்தது.

காட்டிடை நூலகம்

இவ்வூரின் வரலாற்றில் தமிழாய்வாளர் மறக்கலாகாத நிகழ்வு ஒன்றுண்டு. இருப்புக்கல்லுக்குடியில் தேநீர்க்கடை நடத்திய முதியவர் ஒருவர், ஆசிரியர் ஒருவரின் துணையோடு தம் மண்சுவர்க் கடையிலேயே நூலகம் ஒன்றைத் தொடங்கினார். இதழாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய கட்டுரையால் அந்நூலகம் வெளியுலகிற்குத் தெரியவந்தது. 160 நூல்களே கொண்ட அதில், சிறு கட்டணம் செலுத்தி உறுப்பினராகியோர் நூல்களைப் பெற்றுச் சென்றனர்; யார் எதனைப் பெற்றார் என்பது பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டது.  மலையாளத்தின் சிறந்த இலக்கியங்களே வைக்கப்பட்டன. அவற்றுள் மலையாள மொழிபெயர்ப்பில் சிலப்பதிகாரமும் இருந்தது.

மதுரை எரியுண்டபோது நகர் நீங்கியவர் தம் முன்னோர் என்று நாவழியே கூறிவந்த ஒரு மக்களின் காட்டிற்கு, அந்நிகழ்வைப் பாடிய காப்பியம் நூல்வடிவில் வந்து சேர்ந்தது. அது தமிழில் வரவில்லை; மலையாளத்தில் வந்தது. இதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. இளங்கோவடிகள் சேரநாட்டவர், காப்பியத்தின் மூன்றாம் காண்டமே வஞ்சியின் பெயரால் அமைந்தது. மலையாள வாசகர்க்குச் சிலம்பின்மேல் உள்ள உரிமை ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் இந்நிகழ்வு தமிழாய்வுலகின்முன் ஒரு வினாவை வைக்கிறது. கண்ணகி வழக்காற்றைத் தேடிச் சிலம்பின் உரைகளையும் கோயில்களையும் ஆராய்ந்தவர் பலர். அவ்வழக்காற்றை உயிரோடு பேணிவந்த மக்களின் பேச்சைச் சென்று கேட்டவர் எத்தனை பேர் என்பதே அவ்வினா.

முடிவுரை

இடமலைக்குடியின் வரலாறு மூன்று வகைப் பட்டயங்களின் வரலாறு எனலாம். முதலாவது, மதுரையிலிருந்து சுமந்து வந்தோம் என்னும் வாய்மொழி. இரண்டாவது, முதுவரைக் கேளாமலே மலையைக் கைமாற்றிய 1877ஆம் ஆண்டு ஒப்பந்தம். மூன்றாவது, அவர்களைத் தம் ஊரின் ஆட்சியாளராக ஏற்ற 2010ஆம் ஆண்டு ஊராட்சி அமைப்பு. பின்னைய இரண்டும் எழுத்தில் இருப்பதால் அழியாது. முதலாவது மட்டும் பேசுவோரின் நாவை நம்பி நிற்கிறது. அதனை நாளும் இடமும் கூறும் வரலாற்றுச் சான்றாக அப்படியே ஏற்பதும், கற்பனை என்று தள்ளுவதும் ஒருங்கே தவறாகும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே நிலவிய நெடுங்கால உறவைத் தம் நோக்கிலிருந்து ஒரு மக்கள் தொகுத்துக் கூறியதே அவ்வழக்காறு.

இளந்தாரி மடங்களில் கூடும் இளையோர் குறைந்து, விடுதிப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் பெருகிவரும் நிலையில், மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு அவ்வழக்காறு செல்லும் வழி சுருங்கி வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது வேண்டத்தக்கதே. அதனைத் தடுத்து மரபைக் காக்க எவரும் விழையார். செய்யத்தக்கது வேறு. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குடிகளின் இடப்பெயர்கள், கூட்டப் பெயர்கள், வந்த கதையின் வடிவ வேறுபாடுகள், கேழ்வரகு வேளாண்மைச் சொற்கள், மகளிர் தமக்குள் வழங்கும் சொற்கள் ஆகியவை ஊரார் ஒப்புதலோடும் அவர்களுள் கற்றவரின் பங்கேற்போடும் ஒலிவடிவில் பதிவு செய்யப்பட வேண்டும். கேரளத்திலும் தமிழகத்திலுமாகப் பிரிந்து வாழும் முதுவர் பேச்சுகளை ஒப்பிட்டு ஆராய இரு மாநிலப் பல்கலைக்கழகத் தமிழ், மலையாளத் துறைகள் இணைதல் வேண்டும். அப்பதிவின் முதல் படி இடமலைக்குடிப் பள்ளி நூலகத்தில், சிலப்பதிகாரத்தின் அருகில், வைக்கப்படுவது பொருத்தமாகும்.